மூன்று அமாவாசை யோசனை

அரியூர் நாடு
2.2.2025

அன்புள்ள மாப்பிள்ளை அர்த்தனாரிக்கு, மச்சான் சின்னையன் எழுதுவது.

முதலில் என் எழுத்துக்காக என்னை மன்னிக்க வேண்டும். ஒரு எழுத்து பெரிதாக நிற்கிறது, அடுத்தது அதன் காலடியில் உட்கார்ந்துகொள்கிறது. வரி கோட்டை விட்டு இறங்கிப் போகிறது. மண்வெட்டியைப் பிடிக்கிற மாதிரி பேனாவைப் பிடிக்கிறேன் என்று எங்கள் மாலை வகுப்பு கலைமணி டீச்சர் சிரிக்கிறார். இந்தக் கடிதம் எழுத நான்கு நாள் ஆயிற்று. ஆனாலும் மாப்பிள்ளை, அறுபத்தெட்டு வயதில் நானே எழுதுகிறேன்! போனில் பேசலாமே என்பீர்கள். போனில் பேசினது அன்றைக்கே போய்விடும். இதை நீங்கள் நாளைக்கும் எடுத்துப் பார்க்கலாம். காரவள்ளியில் பக்கத்து வீட்டிலும் காட்டலாம்.

இங்கே எல்லோரும் சுகம். வீட்டுக்காரி மாதம்மாளுக்கு இருமல் விட்டுவிட்டது. மகன் முரளி மிளகுப் பறிப்பில் இருக்கிறான். உங்கள் சுகமும் தங்கச்சி இருசாயி சுகமும் எழுதுங்கள். புரட்டாசியில் வந்துபோனவள், பொங்கலுக்குக்கூட வரவில்லை.

இப்போது விஷயம். தை அமாவாசை ஊர்க்கூட்டத்தில் நம் பங்காளி வீட்டுப் பையன் பூபதி ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். பஸ் ரோட்டிலிருந்து நம் ஊர் வழியாகச் சுனைக்குப் போகிற மண்பாதை நாலு கிலோமீட்டர் இருக்கிறதல்லவா, அதில் சனி ஞாயிறு ஆனால் வெளியூர் வண்டி அடைத்துக்கொள்கிறது. பூபதி சொன்னான்: "காருதாங்க நம்ம மலையக் கெடுக்குது. பைக்குன்னா பெட்ரோலும் கொஞ்சம், புகையும் கொஞ்சம். இனிமே இந்தப் பாதையில காரே வரக்கூடாது. பைக்கு மட்டும் வரட்டும். ஆம்புலன்சுக்கு மட்டும் விலக்கு."

இருபத்தாறு வீட்டில் இருபத்தைந்து வீடு சரி என்றது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீடு ஒப்பாவிட்டாலும் தீர்மானம் நிறைவேறாது. "யோசிக்கணும்" என்று ஒரு வீடு சொன்னால் அடுத்த அமாவாசை வரை தள்ளி வைப்பார்கள். மூன்று முறைதான் அப்படிச் சொல்ல முடியும். நான் ஒரு முறை சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்றால், வாரா வாரம் சுனைக்கு ஆள் ஏற்றி வருவது உங்கள் வாடகைக் கார். பாதையை அடைத்தால் உங்கள் பிழைப்பில் பாதி போய்விடும். ஆனால் கார் நிஜமாகவே சுனையைக் கெடுக்கிறது என்றால், மாப்பிள்ளைக்காக நான் மறுப்பதும் தப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறீர்கள். பைக்கா, காரா, எது மலைக்குக் கெடுதல் குறைவு? உண்மையைச் சொல்லுங்கள். அதன்படி கை தூக்குகிறேன்.

இருசாயியை வரச் சொல்லுங்கள். முரளியை பைக்கோடு அனுப்புகிறேன். பின்னால் உட்கார்ந்து வந்துவிடட்டும்.

இப்படிக்கு,
சின்னையன் (கையெழுத்தும் நானே போட்டேன்)


காரவள்ளி
11.2.2025

மதிப்பிற்குரிய மச்சானுக்கு, மாப்பிள்ளை அர்த்தனாரி வணக்கம். இங்கு நலம். அங்கு மழை பனி பார்த்து இருந்துகொள்ளுங்கள்.

உங்கள் எழுத்து நம் மலை ரோடு மாதிரி எழுபது வளைவு வளைந்தாலும், கடைசியில் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. இருசாயி மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "எங்கண்ணன் எழுதுனதுங்க" என்று பால்காரரிடம்கூடக் காட்டியாகிவிட்டது.

கோழி நல்லதா ஆடு நல்லதா என்று ஆட்டிடமே கேட்கிறீர்களே, மச்சான்! கார்க்காரன் என்ன சொல்வான்? இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். காரின் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் பண்ணுகிற ஒரு டப்பா இருக்கிறது. புது பைக்குகளிலும் உண்டு, பழைய பைக்குகளில் கிடையாது. உங்கள் ஊர்ப் பையன்கள் ஓட்டுவதில் பாதி பழசு. சத்தம் பெரிதாக வர வேண்டும் என்று குழாயையே கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். அதனால் பூபதி சொல்வது அப்படியே சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பெட்ரோல் குடிப்பதில் கார்தான் பெரிய வயிறு. அதையும் மறைக்கக் கூடாது.

இருசாயி சுகம். வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். முரளியை அனுப்ப வேண்டாம். மிளகுப் பறிப்பு நேரத்தில் அவனை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்?

அர்த்தனாரி


அரியூர் நாடு
2.3.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு சின்னையன். சுகம், சுகத்துக்கு எழுதவும். இந்தக் கடிதம் மூன்றே நாளில் எழுதினேன்.

உங்கள் கடிதத்தைப் பாதி நானே படித்தேன்! மீதியை டீச்சர் படித்தார். படித்த பிறகு குழப்பம் கூடிவிட்டது. புகையில் கார் நல்லது, பெட்ரோலில் பைக் நல்லது என்றால் நான் எந்தக் கையைத் தூக்குவது? அதனால் நானே ஒரு சோதனை செய்தேன். மாதம்மாளுக்குத் தெரியாமல் இரண்டு வெள்ளைத் துண்டை எடுத்துப் போனேன். கார் நிற்கிற இடத்தில் ஒன்று, பைக் நிற்கிற இடத்தில் ஒன்று, மரத்தில் கட்டிவிட்டு ஞாயிறு முழுக்கக் காத்திருந்தேன். எதில் அதிகக் கரி படிகிறதோ அதுதானே கெட்டது?

சாயங்காலம் அவிழ்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே செம்மண் நிறம். புகை தெரியவே இல்லை, புழுதிதான். காளியண்ணன் பார்த்துவிட்டு, "ஏனுங்க சின்னையா, துண்டுக்குச் சாயம் போடறீங்களா?" என்று கேட்டான். மாதம்மாள் கேட்டதை எழுத எனக்கு இன்னும் எழுத்து பத்தாது.

மாசி அமாவாசையில் இரண்டாவது முறையும் "யோசிக்கணும்" என்றேன். பூபதிக்குக் கோபம். "பெரியப்பா, நீங்க யோசிக்கறதுக்குள்ள சுனை வத்திப்போயிருமுங்க" என்றான். கெட்ட பையன் இல்லை. ஒவ்வொரு திங்களும் சுனையைச் சுற்றிக் கிடக்கிற பிளாஸ்டிக்கை அவன்தான் பொறுக்குகிறான்.

இருசாயி ஏன் வரவில்லை? மூன்றாம் பேர் கேட்டால் அண்ணன் தங்கச்சிக்குச் சண்டை என்று நினைப்பார்கள். முரளியிடம் "அத்தையக் கூட்டிட்டு வாடா" என்றேன். பைக்கைக் கழுவ வேண்டும் என்று எழுந்து போனான். முந்தின நாள்தான் கழுவினான்.

சின்னையன்


காரவள்ளி
10.3.2025

மச்சானுக்கு அர்த்தனாரி. நலம். உங்கள் துண்டுக் கதையைக் கேட்டு இருசாயி சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அப்படிச் சிரித்ததால் உங்களுக்கு நன்றி.

துண்டை விட நல்ல சோதனை ஒன்று உண்டென்று என் வண்டியைப் புகைப் பரிசோதனைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பக்கத்துத் தெருக்காரரையும் அவர் பைக்கோடு கூட்டிப் போனேன். கடைக்காரர் தனபால் குழாய்க்குள் கம்பியை விட்டு, கம்ப்யூட்டரில் பார்த்து, இரண்டு காகிதம் கொடுத்தார்.

"ரெண்டுமே பாஸுங்ணா."

"அது சரி. எது நல்லது?"

"ரெண்டும் பாஸுங்களே."

"தனபாலு, எங்க மச்சான் மலையில கையத் தூக்கவும் முடியாம எறக்கவும் முடியாம நிக்கறாரு. எது நல்லதுன்னு ஒரு வார்த்த சொல்லு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அண்ணா, இந்த மிஷினு சட்டத்துக்குள்ள இருக்குதா இல்லையான்னு மட்டுந்தான் சொல்லும். மலைக்கு நல்லதான்னு கேட்டா அதுக்கு வாய் இல்லீங்க."

ஆக, மச்சான், காசு கொடுத்து நானும் குழம்பிவிட்டு வந்தேன். இரண்டு காகிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். எண்கள் இருக்கின்றன, படித்துப் பழகலாம்.

இருசாயிக்கு மலை ஏறினால் குளிர் ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்கிறாள். வெயில் வரட்டும், பார்க்கலாம்.

அர்த்தனாரி


அரியூர் நாடு
31.3.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு சின்னையன். எல்லோரும் சுகம். இது இரண்டு நாள் கடிதம்!

மலையில் பிறந்தவளுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நம்புகிற மாதிரி இல்லை. இருக்கட்டும்.

பங்குனி அமாவாசையில் மூன்றாவது "யோசிக்கணும்" சொல்லியாகிவிட்டது. இனி யோசிக்க வழி இல்லை. சித்திரை அமாவாசையில் ஆமாம் அல்லது இல்லை. ஊர்ப்பெரியவர் அப்பாசாமி, "சின்னையா, மூணு மாசம் யோசிச்சு ஒரு பொண்ணையே கட்டிக் குடுத்திரலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் மாப்பிள்ளை, எனக்கு விடை கிடைத்துவிட்டது! நேற்று ஞாயிறு. பஸ் ரோட்டுத் திருப்பத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. பைக் முப்பத்தொன்று. கார் ஒன்பது. அப்படியென்றால் முப்பத்தொரு புகைக்குழாய் ஒரு பக்கம், வெறும் ஒன்பது குழாய் இன்னொரு பக்கம். பைக்தான் குற்றவாளி! காரைத் தடுத்துவிட்டு பைக்கை விடச் சொல்கிறானே பூபதி! உங்கள் வண்டி பிழைத்தது என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பைக்கில் வந்தவர்கள் நாற்பத்துநாலு பேர், காரில் நாற்பத்தொரு பேர் என்றும் எழுதி வைத்தேன். அது எதற்கும் உதவாது, சும்மா எழுதிப் பழக.

இனி சந்தோஷமாக வாருங்கள், இருசாயியோடு.

சின்னையன்


காரவள்ளி
7.4.2025

மச்சானுக்கு அர்த்தனாரி. நலம். உங்கள் கடிதத்தைப் பார்த்து நான் பேசாமல் இருந்திருந்தால் என் வண்டி தப்பித்திருக்கும். இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். முடியவில்லை.

சும்மா எழுதினேன் என்றீர்களே, ஆள் கணக்கு, அதுதான் மச்சான் கணக்கே. வண்டியை எண்ணக் கூடாது. எத்தனை பேரைச் சேர்க்க எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று பார்க்க வேண்டும். அந்த ஏற்றத்தில் என் கார் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கும். நாலு கிலோமீட்டருக்கு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்பது காருக்கு மூன்று லிட்டர். பைக் நாற்பது கொடுக்கும் என்று வையுங்கள். நாலு கிலோமீட்டருக்கு லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. முப்பத்தொரு பைக்குக்கு மூன்று லிட்டருக்கு மேலே ஒரு துளி. நாற்பத்தொரு பேருக்கும் மூன்று லிட்டர், நாற்பத்துநாலு பேருக்கும் மூன்று லிட்டர். நூலிழை வித்தியாசம்!

உங்கள் நோட்டில் கார்கள் நிறைந்து வந்ததால் அப்படி. ஒற்றை ஆளாக ஒருவன் காரில் வந்தால் அவனைப்போலக் கெடுதல் யாரும் இல்லை. பைக்கில் இரண்டு பேர் வந்தால் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. என் வண்டியில் சில நாள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான் வருவார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே கையைத் தூக்கிவிடுங்கள் மச்சான். பூபதி சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் வண்டிக்காக யோசிக்க வேண்டாம். கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒருவர் கேட்டிருக்கிறார். இருசாயி மேலே வந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பார்க்க வேண்டும் என்றால் நீங்கள் பஸ்ஸில் இறங்கி வந்துவிடுங்கள்.

அர்த்தனாரி


அரியூர் நாடு
15.4.2025

மாப்பிள்ளைக்கு.

கடிதம் கிடைத்தது. "மேலே வந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை" என்ற வரியை நானே படித்தேன். டீச்சர் இல்லாமல் படித்தேன். படித்துவிட்டு முரளியைக் கூப்பிட்டு, உன் அத்தைக்கு என்னடா என்று கேட்டேன்.

சொல்லிவிட்டான். புரட்டாசியில் கீழே கொண்டுபோய் விடும்போது மலை வளைவில் மணலில் பைக் சறுக்கியது. இருசாயி இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். "நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டாங்க" என்று அன்றைக்கு என்னிடம் வந்து சொன்னான். ஏழு மாதம்.

நீங்கள் இரண்டு கடிதத்தில் எனக்குப் பெட்ரோல் கணக்கு எழுதினீர்கள்.

என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை. எழுத்து தெரியாததால் இல்லை.

சின்னையன்


காரவள்ளி
21.4.2025

மச்சானுக்கு. இது இருசாயி சொல்லச் சொல்ல நான் எழுதுவது. என் வார்த்தை ஒன்றுகூட இதில் இல்லை.

அண்ணா, நான் இருசாயி. முரளிய அடிச்சீங்களா? அடிச்சிருந்தா என் மேல சத்தியமா நான் பேச மாட்டேன். அவன் மெதுவாத்தான் ஓட்டுனான். எதுக்கால லாரி வந்துது, ஒதுங்குனான், ரோட்டுல மணலு. யார் ஓட்டுனாலும் விழுந்திருக்கும். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு சொன்னதே நான்தான். நீங்க அவன் பைக்கத் தூக்கிப் பள்ளத்துல எறிஞ்சிருப்பீங்க. பின்னாலயே அவனும் எங்கயாவது போயிருப்பான். உங்க மாப்பிள்ளை மேலயும் கோபப்படாதீங்க. ஒவ்வொரு கடிதம் எழுதறப்பவும் "சொல்லிரட்டுமா"ன்னு கேப்பாரு. நான்தான் வேண்டாம்பேன்.

இப்ப வாக்கர் பிடிச்சு வாசல் வரைக்கும் நடக்கறேன். பஸ் படி ஏற முடியல. பைக்குல கால் போட முடியாது. கார்ல பின் சீட்டுல கால நீட்டி உக்காந்தா வரலாமுன்னு டாக்டர் சொல்லீட்டாரு. அண்ணிய, ஊட்ட, எல்லாத்தையும் பாக்கோணும்னுதான் இருக்குது. ஆனா எனக்காக நீங்க ஊர்ச்சொல்லைக் கெடுக்க வேண்டாம். அது நான் குடிச்ச சுனை. தலையாட்டீட்டு வந்துருங்க சாமி.

(இனி நான், அர்த்தனாரி. மன்னிக்கவும்.)


அரியூர் நாடு
30.4.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் தங்கச்சிக்கும் சின்னையன்.

முரளியை அடிக்கவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே சோறு போட்டு எடுத்துவந்து வைத்தான். சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்திரை அமாவாசை. அப்பாசாமி கேட்டார்: "சின்னையா, மூணு யோசனையும் முடிஞ்சுது. ஆமாவா, இல்லையா?"

எழுந்து நின்றேன். நோட்டைக் கொண்டு போயிருந்தேன். ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. சொன்னேன்: "பைக்கு நல்லதா காரு நல்லதான்னு துண்டு கட்டிப் பாத்தேன், காகிதம் வாங்கிப் பாத்தேன், கோடு போட்டுப் பாத்தேன். எனக்கு இன்னும் தெரியலீங்க. ஒன்னு மட்டுந்தான் தெரியும். எந்தங்கச்சி இடுப்பு ஒடிஞ்சு கிடக்கறா. அவ பொறந்த ஊட்டுக்கு வர காரத் தவிர வழி இல்ல. அதனால என் ஊடு ஒப்பாது."

பூபதி முகம் மாறிவிட்டது. அவனுக்கும் தெரியாது. "பெரியப்பா, அத்தைக்கு மட்டும் விட்டறலாமுங்க. ஆம்புலன்சு மாதிரி" என்றான்.

அதற்குள் காளியண்ணன், "அப்படீன்னா எம் மாமியாளுக்கு? பஸ் ரோட்டுலருந்து அவள முதுகுல தூக்கீட்டு வரட்டுமா? எடை தெரியுமா உனக்கு?" என்றான். அவன் பெண்டாட்டி அங்கேயே அவனை முறைத்தாள். அப்புறம் ஒருவர் முட்டி வலி என்றார். ஒருவர் மகள் கைக்குழந்தையோடு வருவாள் என்றார். மூன்று மாதமாகச் சரி சரி என்று தலையாட்டிய வீடுகளில் ஆறு வீட்டுக்கு இப்படி ஒருவர் இருந்தார். அவர்களும் என்னைப் போலச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

அப்பாசாமி கையைக் காட்டி எல்லோரையும் அமர்த்தினார். "வேண்டாம்னு சொன்ன ஊடு வேற வழி சொல்லோணும். அதுதான் வழக்கம். சொன்ன வழிக்கு ஒரு மாசம் அந்த ஊடே காவல் நிக்கோணும். சொல்லு சின்னையா."

மாப்பிள்ளை, எனக்கு வழி ஒன்றும் தெரியாது. உங்கள் கணக்குதான் வாய்க்கு வந்தது. "வண்டியப் பாக்க வேண்டாமுங்க. ஆளப் பாப்போம். கார்னா நாலு பேருக்குக் கொறையக் கூடாது. பைக்குன்னா ரெண்டு பேரு. கொறைஞ்சா பஸ் ரோட்டுலயே நிறுத்தீட்டு நடக்கட்டும், இல்லீன்னா சேந்து வரட்டும். வெளியூர்க்காரனுக்கும் அதே, நமக்கும் அதே. விலக்கு ஆம்புலன்சுக்கு மட்டுந்தான்."

பூபதி எழுந்து என் பக்கம் வந்தான். "அப்படீன்னா ஞாயித்துக்கெழம வர்ற வண்டியில பாதி கொறையுமுங்களா?" என்று கேட்டான். கோடு போட்டதைக் காட்டினேன். ஒற்றை ஆளாக வந்த பைக் மட்டும் பதினெட்டு. அவன் முதலில் கை தூக்கினான். பிறகு இருபத்தாறு வீடும்.

மூங்கில் கம்பு குறுக்கே கட்டியாகிவிட்டது. நான் நோட்டோடு காவல். இருசாயியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சின்னையன்


காரவள்ளி
6.5.2025

மச்சானுக்கு அர்த்தனாரி. நலம்.

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் இருசாயி அழுதாள். பிறகு, "காளியண்ணன் மாமியா அவ்வளவு எடையெல்லாம் இல்ல" என்றாள். பதினொன்றாம் தேதி ஞாயிறு வருகிறோம். அண்ணி கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் வைக்க வேண்டுமாம். காவல்காரரிடம் சொல்லிக் கம்பைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.

அர்த்தனாரி


அரியூர் நாடு
14.5.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு சின்னையன்.

நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்ததை போனில் கேட்டுக்கொண்டோம். இருசாயிக்கு அலைச்சலில் வலி கூடவில்லையே? நேரில் வந்துபோனவருக்கு என்ன கடிதம் என்பீர்கள். நீங்கள் பார்க்காத ஒன்று இருக்கிறது, அதை எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் மேல் உங்களுக்கு மனத்தாங்கல் இருந்தால் விட்டுவிடுங்கள். "மச்சான், கம்பத் தூக்குங்க" என்றீர்கள். எத்தனை பேர் என்று கேட்டேன். "கண்ணு தெரியலையா, உங்க தங்கச்சியும் நானும்" என்றீர்கள். ரெண்டு பேர், ஆகாது என்றேன். பின்னால் இருசாயி சிரித்த சிரிப்பு உங்களுக்கும் கேட்டிருக்கும். "நல்ல அண்ணன்! ஏழு மாசம் கழிச்சு வர்றவள கேட்டுலயே நிறுத்தறாரு!" ஊர்ச்சொல் சொன்னவனே பதினைந்தாம் நாளிலேயே அதை மீறினால் பூபதி முகத்தில் எப்படி விழிப்பேன்? அதனால் நானே முன் சீட்டில் ஏறினேன். மூன்று.

அப்போதுதான் சந்தையிலிருந்து முரளி பைக்கில் தனியாக வந்தான். உங்கள் வண்டியைப் பார்த்ததும் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தான். நான்தான் கத்தினேன்: "ஒத்த ஆளு பைக்குக்கும் வழி இல்லடா. எறங்கி இங்க ஏறு." காளியண்ணனிடம் நோட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

இருசாயி காலை நீட்டியிருந்ததால் பின் சீட்டில் இடம் இல்லை. முரளி கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றான். "என்னடா பாக்கற? காலத் தூக்கி மடில வெச்சுக்கிட்டு உக்காரு" என்றாள். உட்கார்ந்தான். அப்புறம் நீங்கள் குண்டும் குழியும் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு குழி வரும்போதும் குலுங்காமல் இருக்க அவள் காலை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கிப் பிடித்தான். குழி தாண்டியதும் மடியில் இறக்கினான். வீடு வரும் வரை அப்படியே. பாதி வழியில் இருசாயி அவன் தலையில் கை வைத்தாள். "வலிக்குதுங்களா அத்தை" என்று கேட்டான். "இல்ல கண்ணு" என்றாள். நிச்சயம் வலித்திருக்கும்.

இதைத்தான் எழுத நினைத்தேன். போனில் சொன்னால் நான் ஒழுங்காகச் சொல்லி முடித்திருக்க மாட்டேன்.

இன்னொன்று. நேற்றைக்குத்தான் தோன்றியது. நாம் ஏறுகிற பெட்ரோலை மட்டும் கணக்குப் போட்டோம். திரும்பி இறங்குகிற நாலு கிலோமீட்டரை எண்ணவே இல்லையே! அதுவும் நீங்கள் இறங்கும்போது இரண்டு பேர்தான். நானும் முரளியும் இங்கேயே இறங்கிவிட்டோம். போகும்போது கம்பைத் தூக்கிவிட்டது தப்போ? முரளியின் பைக்கும் கம்புக்குப் பக்கத்திலேயே நின்றது, அதை எடுக்க அவன் நடந்து போனான். நடந்ததற்குப் பெட்ரோல் இல்லை. ஆனால் நீங்கள் வராமலே இருந்திருந்தால்? இல்லை, அந்தக் கணக்கை நான் போட மாட்டேன். மற்றதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பைக்கா காரா என்று மறுபடியும் முதல் வரியில் நிற்கிறேன். மாதம்மாள் "இன்னுமா?" என்கிறாள். பூபதியும் நானும் சேர்ந்து இன்றைக்கு ஒரு பக்கம் கணக்கு எழுதினோம், இரண்டு பேருக்கும் வெவ்வேறு விடை வந்தது. அவன் சிரித்தான்.

தபால்காரர் வெள்ளிக்கிழமை வருவார், இதைக் கொடுத்துவிடுகிறேன். அடுத்த வெள்ளிக்குள் இறங்குகிற கணக்கையும் முடித்து இன்னொரு கடிதம் எழுதிவிடுவேன். இப்போதெல்லாம் ஒரு நாளில் ஒன்று எழுத முடிகிறது.

சின்னையன்